ஒன்பதாவது கெண்டை

— அண்ணே, அந்த மீன கீழ வைங்க. அது என் மீனு.

— உங்க மீனா? அம்மா, நான் சொல்றதைக் கவனிங்க. குளம் நகராட்சியோடது. தூண்டில் என்னோடது. தூண்டில்ல தொங்குற மீன் மட்டும் எப்படி உங்களோடது ஆகும்?

— நெத்தியில செவப்பா வட்டம் இருக்கு பாருங்க, பொட்டு வச்ச மாதிரி. காலையில பத்து மணிக்கு இந்தக் கையால தண்ணியில விட்டேன். அந்தப் பாலத்துக்கிட்ட உக்காந்து கும்புட்டுக்கிட்டு இருந்தேன். கண்ணத் தொறந்து பாத்தா உங்க தூண்டில்ல துள்ளுது.

— ஓஹோ, அதான் விஷயமா. நானும் காலையிலேருந்து யோசிச்சிக்கிட்டு இருக்கேன். இருபத்தஞ்சு வருஷமா மெர்கோங்ல இருக்கேன், லீவு நாள்னா இந்தக் குளத்துலதான் தூண்டில் போடுவேன். கருங்கெண்டையத் தவிர வேற ஒண்ணும் வந்ததில்ல. இன்னிக்கு என்னடான்னா எல்லாம் பட்டுப்புடவை கட்டிக்கிட்டு வருது.

— எல்லாமா? எத்தன புடிச்சீங்க?

— இதோட ஆறு.

— ஐயே. மிச்சம் அஞ்சு எங்க? பையில போட்டுட்டீங்களா?

— பையில எதுக்குப் போடணும்? தண்ணியிலயே விட்டுட்டேன். அங்க போர்டு வச்சிருக்காங்க பாருங்க, பிடிக்கிற மீன திரும்ப விட்டுடணும்னு. போர்டு இல்லாட்டியும் நான் விட்டிருப்பேன். இன்னிக்கு நான் வந்ததே விடுறதுக்குத்தான்.

— விடுறதுக்கு எதுக்குப் புடிக்கணும்? நீங்க வீட்டுல சும்மா படுத்திருந்தா அது பாட்டுக்குத் தண்ணியிலதான இருந்திருக்கும்.

— அதுக்கு ஒரு காரணம் இருக்கு. வெளியில சொல்ற காரணம் இல்ல.

— சொல்லாட்டி போங்க. இப்ப அத மெதுவா விடுங்க. தலைய அந்தப் பக்கமா திருப்பி விடுங்க, உங்க ரொட்டி உருண்டையப் பாத்தா மறுபடியும் வந்துரும். கடை மீனு, வெவரம் பத்தாது.

— இதோ விட்டுட்டேன். அது என்ன, கடை மீனா?

— கண்ணாடித் தொட்டி மீன் விக்கிற சீனன் கடை, பீடோங்ல. மொதல்ல மீன் பாசாருக்குத்தான் போனேன். அங்க எல்லாம் ஐஸ் மேல படுத்திருக்கு. செத்த மீன தண்ணியில விட்டா சாமி என்ன நெனைக்கும்? அதான் தொட்டி மீனு ஒம்போது வாங்குனேன். பிளாஸ்டிக் பையில காத்தடிச்சிக் குடுத்தான். பைய வாளியில வச்சி, வாளிய மடியில வச்சி, பஸ் ஏறி வந்தேன். குரூண் தாண்டி டிரைவர் ஒரு பிரேக் போட்டான் பாருங்க, பைய கட்டுன ரப்பர் கழண்டு, பக்கத்துல உக்காந்திருந்த மலாய்க்கார மாக்சிக் மேல பாதி தண்ணி போயிருச்சி. நல்ல மனுசி, திட்டல. தன்னோட போத்தல் தண்ணிய மீனுக்கு ஊத்தி விட்டாங்க.

— ஒன்பது மீனா வாங்குனீங்க?

— ஒம்போது.

— சனிக்கிழமையா பார்த்து வந்திருக்கீங்க.

— ஆமா.

— சூரியன் மறையிறதுக்குள்ள முடிக்கணுமா?

— அண்ணே, உங்களுக்கு எப்படித் தெரியும்?

— பீடோங் இருளப்பன் ஜோசியர்தானே?

— ஆமா லா. நீங்களுமா?

— அதாவது, ஆமா. எனக்கு என் மகள் கல்யாண விஷயமா.

— எனக்கு என் மவன் கல்யாண விஷயமா. வடக்க ஒரு டவுன் குளமா பாத்து, ஒம்போது கெண்டைய உசுரோட விடணும்னாரு. மெர்கோங் குளம்னு அவருதான் பேரே சொன்னாரு. உங்ககிட்டயும் அதேதானா?

— நான் எழுதி வச்சிருக்கேன், இருங்க, கண்ணாடிய போட்டுக்கிறேன். "ஒன்பது கெண்டையைத் தன் கையால் தண்ணீரில் விடவும்." அவ்வளவுதான். மீன கடையில வாங்கணுமா, குளத்துல பிடிக்கணுமான்னு அவர் சொல்லல. அந்த இடம் காலி. விண்ணப்பப் போரத்துல ஒரு இடம் காலியா இருந்தா, நமக்குத் தோதா நிரப்பிக்கலாம். அது நம்ம உரிமை.

— அதனால இந்தக் குளத்து மீனப் புடிச்சி இந்தக் குளத்துலயே விடுறீங்க.

— முறைப்படி அதுல தப்பு இல்ல.

— அடுத்த வீட்டுக்குள்ள போயி, அவங்க சட்டிய எடுத்து, அவங்ககிட்டயே நீட்டி, இந்தா தானம்னு சொல்ற மாதிரி இருக்கு. நீங்க கிராணியா இருந்தீங்களா?

— அரசாங்க ஆபிஸ் கிராணி. முப்பத்தி மூணு வருஷம் பைல் எழுதுனேன். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

— போரத்துல காலி இடம்னு வேற யாரு பேசுவா? ஒரு வாளி மீனு வாங்குறதுக்குச் சோம்பேறித்தனம், அதுக்கு இவ்வளவு சட்டம்.

— சோம்பேறித்தனம் இல்லம்மா. மானப் பிரச்சினை. இந்த வட்டாரத்துல என்னைத் தூண்டில் தர்மலிங்கம்னுதான் கூப்பிடுவாங்க. நான் போயி ஒரு கடையில நின்னு கெண்டை வாங்கி, அதை யாராச்சும் பார்த்துட்டா? அப்புறம் நான் எந்தக் குளத்தாங்கரையில தலை நிமிர்ந்து உக்கார முடியும்?

— என் பேரு செல்லாயி. எனக்கு எந்தப் பட்டமும் இல்ல. கையுறை பேக்டரியில இருபது வருசம் வேல செஞ்சிட்டு இப்ப வீட்டுல இருக்கேன். பட்டம் இல்லாததால பஸ்ல வாளி தூக்க முடிஞ்சிச்சி. அண்ணே, உங்க மிதவை முங்குது.

— வந்துட்டான். பாருங்க, ஏழாவது.

— நெத்தியப் பாருங்க.

— பார்த்தேன்.

— அதே பொட்டுக்காரி.

— அதே மாதிரி இன்னொண்ணா இருக்கலாம்.

— ஒதட்டுல உங்க முள்ளு குத்துன தடம் மூணு இருக்கு. சும்மா சொல்லக் கூடாது, நல்லா தச்சிருக்கீங்க. அண்ணே, நேரா ஒரு கேள்வி. இது வரைக்கும் புடிச்ச ஏழும் ஏழு மீனா?

— விட்டது ஏழு தடவை. பரிகாரத்துல விடுறதுதான் முக்கியம். எந்த மீன்ங்கிறது...

— எத்தன மீனு?

— ரெண்டு. மூணா கூட இருக்கலாம்.

— ஒரே பொண்ணுக்கு ஏழு தடவ தாலி கட்டிட்டு, ஏழு கல்யாணம் பண்ணி வச்சேன்னு சொல்லுவீங்களா?

— சிரிக்காதீங்கம்மா. என் மகள் வாழ்க்கை இது.

— நான் எங்க சிரிக்கிறேன்? விட்ட மீனு பொழுது சாயிற வரைக்கும் தண்ணிய விட்டு வெளிய வரக் கூடாதுன்னு எங்கிட்ட சொல்லியிருக்காரு. வந்தா பரிகாரம் செல்லாது. இன்னிக்கி செல்லலன்னா அடுத்த சனிப் பெயர்ச்சி வரைக்கும், ரெண்டரை வருசத்துக்கு, கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாதாம். என் மவனுக்கு இப்பவே முப்பத்தி நாலு. அதுக்கு மேல அவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா?

— எனக்கும் அதே ரெண்டரை வருஷம்தான் சொன்னார். என் மகளுக்கு முப்பத்தி ரெண்டு. அவ அம்மா இப்ப உயிரோட இல்ல. இருந்திருந்தா இதெல்லாம் எப்பவோ முடிஞ்சிருக்கும். எனக்கு தூண்டில் போடத் தெரியும், மாப்பிள்ளை பார்க்கத் தெரியல.

— இப்ப என்னா பண்றது, சொல்லுங்க. நீங்க தூண்டிலப் போட்டா என் மவனுக்கு ஆகாது. எடுத்துட்டா உங்க மகளுக்கு ஆகாது.

— நான் அந்தப் பக்கம் மரத்தடியில போயி போடுறேன். உங்க மீன் இந்தப் பக்கம் இருக்கட்டும்.

— நடுவுல வேலியா போட்டிருக்கு? அங்க பாருங்க, உங்க நெழலுக்குப் பின்னாடியே செவப்பா வருது மூணு. உங்களப் பாத்தாலே சோறு போடுற மொதலாளி தவுக்கேன்னு நெனச்சிக்கிட்டு இருக்குங்க. கருங்கெண்டைய மட்டும் புடிக்க ஒரு வழியும் இல்லையா?

— இந்த வெயிலுக்கு அது அடியில போயி படுத்துக்கும். நாலு மணிக்கு மேலதான் எழும்பும்.

— அப்ப நாலு மணி வரைக்கும் தூண்டில சுருட்டுங்க. நானும் இங்கயே உக்காந்து காவல் இருக்கேன்.

— என்னை நம்பலையா?

— உங்கள நம்புறேன். என் மீனத்தான் நம்பல.

*

— பள்ளிவாசல்ல பாங்கு சொல்லிட்டாங்க, ஒண்ணே கால் ஆயிருக்கும். அண்ணே, சாப்பாடு கொண்டாந்தீங்களா?

— பிளாஸ்க்ல கோப்பி இருக்கு. பிஸ்கட் இருக்கு.

— இந்தாங்க, நாசி லெமாக், தேங்காப்பால் சோறு. ரெண்டு பொட்டலம் கட்டுனேன். நெத்திலி கெடையாது, கேக்காதீங்க. மீன காப்பாத்த வந்த எடத்துல உக்காந்துக்கிட்டு நெத்திலி தின்னா நல்லாவா இருக்கும்?

— நெத்திலி இல்லாத நாசி லெமாக்க இப்பதான் முதல் தடவையா சாப்பிடுறேன். நல்லாத்தான் இருக்கு. உங்க மகன் என்ன செய்றாரு?

— லோகேஸ்வரன். ஏர்கோன் மாட்டுறான், சொந்தமா. அவன்கிட்ட நாலு பேரு வேல செய்றாங்க. காலையில போனா ராத்திரிதான் வருவான். குடி இல்ல, சூதாட்டம் இல்ல. பொண்ணு போட்டோவ காட்டுனா மட்டும் போன நோண்டுவான். பதினோரு பொண்ணு பாத்துட்டேன். பன்னெண்டாவது போட்டோவ தலைகீழா காட்டுனேன், அப்பயும் வேணாம்னான்.

— என் மகளும் அப்படித்தான். சாந்தினி. சுங்கை பட்டாணியில ஒரு கிளினிக்ல மருந்து குடுக்கிறா, பார்மசிஸ்ட். நான் ஜாதகத்த எடுத்தாலே அவளுக்கு வேலைக்கு நேரம் ஆயிடும். சரி, உன் மனசுல என்னதான் இருக்குன்னு போன வருஷம் கேட்டேன். அப்ப ஒண்ணு கேட்டா, சும்மா பேச்சுக்கு.

— என்னா கேட்டா?

— ரப்பர் தோட்டத்துக் குடும்பத்துப் பையன்னா சம்மதிப்பீங்களாப்பான்னு. நான் ஒரே வார்த்தையில சொல்லிட்டேன். எனக்கு டாக்டர் மாப்பிள்ளை வேணாம், இஞ்சினியர் வேணாம். ஆனா தோட்டத்துச் சம்பந்தம் மட்டும் எந்தக் காலத்துலயும் வேணாம்னு. அதோட அந்தப் பேச்சே எடுக்கல. ஏம்மா, பாதியில பொட்டலத்த மூடுறீங்க?

— பசி போயிருச்சி.

— அதாவது, நான் உங்கள மனசுல வச்சி சொல்லல.

— தோட்டம்னா நான்தான் அண்ணே. நான் பொறந்தது தோட்டத்து லயத்துல, வரிசை வீட்டுல. என் மவன் பொறந்ததும் லயத்துல. அந்த வீட்டு முன்னாடி பலகையில உக்காந்துதான் அவன் ஏ பி சி படிச்சான். நீங்க என் சோத்தத் தின்னுக்கிட்டே சொல்றீங்க, எங்க வீடு ஆகாதுன்னு. கோவம் வரல எனக்கு. வருத்தமா இருக்கு.

— எதுக்கு அப்படிச் சொன்னேன்னு கேளுங்க.

— வேணாம். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். உங்கப்பா என்னா வேல செஞ்சாரு?

— அது பழைய கதை.

— சொல்லுங்க லா.

— பால் வெட்டு.

— எங்க?

— பீடோங் பக்கம். ரெண்டாவது டிவிஷன்.

— அப்ப நீங்களும் லயத்துலதான் பொறந்தீங்க. இவ்வளவு நேரம் எங்கிட்ட கிராணின்னு சொன்னீங்களே ஒழிய அத சொல்லல.

— அங்கேருந்து வெளிய வர்றதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். படிச்சி, பரீட்சை எழுதி, அந்தத் தோட்டத்து வாசல் கேட்டத் தாண்டி வந்தேன். என் மகள் திரும்ப அந்தப் பக்கம் போயிடுவாளோன்னு பயம். வேற ஒண்ணும் இல்ல.

— எந்தப் பக்கம் அண்ணே? போயிப் பாத்தீங்களா? லயத்த இடிச்சி பத்து வருசம் ஆச்சி. அந்த எடத்துல தாமான் வீடுங்க கட்டி, ஒரு தம்பி மொபைல் கடை வச்சிருக்கான். நான் இருக்கிறது மூணு ரூம் டெரஸ் வீடு, என் மவன் பேங்க்குல கடன் கட்டுறான். திரும்பப் போறதுக்கு அங்க தோட்டமே இல்ல. நீங்க ஒருத்தருதான் இன்னும் அந்த கேட்டு பக்கத்துலயே நிக்கிறீங்க.

— இந்தக் கோப்பியாச்சும் குடிங்க.

— வேணாம். நாலு மணி ஆனா சொல்லுங்க.

*

— அம்மா, நாலே கால் ஆச்சு.

— ம்.

— மத்தியானத்துலேருந்து நீங்க ஒரு வார்த்தை பேசல. எனக்கும் தூண்டில எடுக்கக் கை வரல. ஜோசியருக்குப் போன் போட்டு முறையா ஒரு தீர்ப்பு கேட்டுடுவோமா?

— போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க, எனக்கும் கேக்கணும்.

— ஐயா, வணக்கம். மெர்கோங் தர்மலிங்கம் பேசுறேன். பக்கத்துல பீடோங் செல்லாயி அம்மாவும் இருக்காங்க.

— அடடே, ரெண்டு பேரும் சந்திச்சிட்டீங்களா? நல்லது, ரொம்ப நல்லது. இருளப்பன் சொன்னா நடக்கும்.

— ஐயா, நான் செல்லாயி. சந்திச்சது கெடக்கட்டும். நான் விட்ட மீனயெல்லாம் இவரு புடிச்சி புடிச்சி விட்டுட்டாரு. இப்ப பரிகாரம் யாருக்குச் சேரும்?

— புடிச்சிட்டாரா? அப்படியெல்லாம் ஆகும்னு யாரும் எங்கிட்ட சொல்லலையே.

— யார் சொல்லணும் ஐயா? தர்மலிங்கம் கேக்குறேன். கிரகம்தானே சொல்லணும்?

— கிரகம்தான், கிரகம்தான். அது இருக்கட்டும், நீங்க ரெண்டு பேரும் சிரிச்சிப் பேசிக்கிட்டீங்களா?

— காலையில சிரிச்சோம். மத்தியானம் இவரு ஒண்ணு சொன்னாரு, அதோட நான் வாயத் தொறக்கல.

— ஐயையோ, அது ஆகாதே. மனஸ்தாபத்தோட எந்தப் பரிகாரமும் செல்லாது. நல்லா கேட்டுக்குங்க. ரெண்டு பேரும் ஒரே தூண்டில்ல, சேர்ந்து ஒரு மீன் புடிக்கணும். குளத்து மீனா இருக்கணும். அத ரெண்டு பேரும் கை வச்சி விடணும். இது வரைக்கும் எத்தன விட்டிருந்தாலும் சரி, அதுதான் ஒன்பதாவது மீனு. அது ரெண்டு ஜாதகத்துக்கும் சேரும்.

— இதுக்கு ஏட்டுல இடம் இருக்கா ஐயா?

— இருக்கு தர்மலிங்கம். கொஞ்சம் தள்ளி, பின் பக்கத்துல இருக்கு. லைன் சரியா கேக்கல, வச்சிடுறேன்.

— வச்சிட்டார். முப்பத்தி மூணு வருஷத்துல இந்த மாதிரி ஒரு சுற்றறிக்கைய நான் பார்த்ததில்ல.

— சுற்றறிக்கை கெடக்கட்டும் அண்ணே, தூண்டில எடுங்க. ஏழே காலுக்குப் பொழுது சாஞ்சிரும், மூணு மணி நேரந்தான் இருக்கு. நான் எங்க புடிக்கணும்?

— இந்தக் கட்டைய இடது கையால. அப்படி இல்ல, தொடப்பக்கட்டையா அது? லேசா பிடிங்க. முள்ளோட கொக்கிய நான் நசுக்கி வச்சிருக்கேன், மீனுக்கு அதிகமா வலிக்காது. எரைக்கு இப்ப ரொட்டி வேணாம், கடை மீனுங்க மறுபடியும் ஓடி வரும்.

— இந்த நாசி லெமாக் சோறு இருக்கு, மத்தியானம் நான் பாதியில மூடி வச்சது. பாண்டான் எல வாசம்.

— சரி, உருட்டுங்க. அப்படியே கொஞ்சம் தள்ளி ஆழத்துல போடுவோம். இப்ப பேசாம இருக்கணும்.

— நான் பேசாமத்தான இருக்கேன், மத்தியானத்துலேருந்து.

— அம்மா, மிதவை.

— முங்கல அண்ணே, படுக்குது.

— பெரிய மீன்னா அப்படித்தான். பொறுங்க. பொறுங்க. இப்ப தூக்குங்க.

— ஆத்தாடி, இது மீனா மாடா? என்னை இழுக்குது.

— விடாதீங்க. நான் பின்னாடி பிடிச்சிக்கிறேன். அது ஓடுனா ஓட விடுங்க, நின்னா சுத்துங்க. செல்லாயி அம்மா, நான் மத்தியானம் சொன்னது தப்பு.

— இப்பவா சொல்லணும்? கையி கழண்டுரும் போல இருக்கு.

— இப்ப சொல்லாட்டி அப்புறம் சொல்ல மாட்டேன், என் புத்தி எனக்குத் தெரியும். எங்கப்பா செத்தப்ப கூட, வந்தவங்ககிட்ட அவர் தோட்டத்துல சூப்பர்வைசரா இருந்தார்னு சொன்னேன். அப்படி ஒரு வெக்கம் எனக்கு. உங்க சோத்தத் தின்னுட்டு உங்கள அவமானப்படுத்திட்டேன். மன்னிச்சிடுங்க. ம், சுத்துங்க, சுத்துங்க, வருது.

— மன்னிச்சேன். வலைய எடுங்க, சீக்கிரம்.

— உள்ள வந்துட்டான். அம்மா, பாருங்கம்மா. ஆறு கிலோ இருக்கும். கருங்கெண்டை. இருபத்தஞ்சு வருஷத்துல இந்த அளவுல ஒண்ணு நான் பிடிச்சதே இல்ல.

— நீங்க எங்க புடிச்சீங்க? நான் புடிச்சேன். என் சோத்துக்கு வந்தது.

— சரி, நாம பிடிச்சோம். ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?

— மூச்சு வாங்குது அதுக்கு, பாவம். நீங்க வால் பக்கம் புடிங்க, நான் தலைய புடிக்கிறேன். எந்தக் கிரகமா இருந்தாலும் என் மவனுக்கும் இவரு மகளுக்கும் வழி விட்டுருங்க. ம், விடுங்க.

— போயிட்டான்.

— போயிட்டான்.

*

— அம்மா, நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது.

— இன்னும் என்னா இருக்கு?

— இந்த ஜோசியர் மேல எனக்குச் சந்தேகம். ஒரே நாள், ஒரே குளம், ஒரே மீன். உங்ககிட்ட மகன், என்கிட்ட மகள். சந்திச்சிட்டீங்களான்னு அவ்வளவு சந்தோஷமா கேக்குறார்.

— எனக்கு அப்பவே வெளங்கிருச்சி. மனுசன் ரெண்டு ஜாதகத்தயும் வச்சிப் பொருத்தம் பாத்துட்டாரு. நேரா சொன்னா கிராணி ஒத்துக்க மாட்டாருன்னு மீன விட்டு இழுத்திருக்காரு.

— அப்படின்னா, அதாவது... உங்க மகன நான் ஒரு தடவை பார்க்கலாமா?

— தோட்டத்துப் பையன் அண்ணே. நல்லா யோசிச்சிக்கிட்டீங்களா?

— யோசிச்சிட்டேன். நானும் தோட்டத்துப் பையன்தான். என் வாயால கேக்குறேன், உங்க மகன என் மகளுக்குப் பார்க்கணும்.

— கண்ணுல தண்ணி வர வச்சிட்டீங்க. இருங்க, மூக்க தொடச்சிக்கிறேன். அதுங்க ரெண்டுக்கும் இது தெரியக் கூடாது. ஏற்பாடுன்னு தெரிஞ்சா என் மவன் எந்த வீட்டுக் கூரையிலயாச்சும் ஏறி ஒக்காந்துக்குவான்.

— என் மகள் ஓவர்டைம்னு கிளம்பிடுவா. தற்செயலா சந்திச்ச மாதிரி இருக்கணும். முறைப்படி ஒரு திட்டம் போடணும்.

— திட்டம் என்னா திட்டம்? பஸ்ஸ விட்டுட்டேன், வந்து கூட்டிட்டுப் போடான்னு நான் அவனக் கூப்புடுறேன். தல சுத்துதுன்னு நீங்க உங்க மகளக் கூப்புடுங்க. ரெண்டும் இங்க வந்து நிக்கட்டும். பொண்ணுங்ககிட்ட பேசத் தெரியாத பய, மொத வார்த்தைய மட்டும் நாம எடுத்துக் குடுக்கணும்.

— என் மகளும் வெளி ஆளுங்ககிட்ட லேசுல பேச மாட்டா. பாவம், ரெண்டும் திருதிருன்னு முழிக்கப் போகுது.

— முழிக்கட்டும். மொதல்ல என் மவனுக்கு அடிக்கிறேன், ஸ்பீக்கர்ல போடுறேன், குரலக் கேட்டுக்குங்க. ஹலோ, லோகேசு, அம்மா பேசுறேன்டா. பஸ்ஸ விட்டுட்டேன்.

— அத்தை, லோகேஸ் காடி ஓட்டுறாரு, நான்தான் போன எடுத்தேன்.

— அத்தையா? யாரும்மா நீ?

— செல்லாயி அம்மா, அந்தப் போன கொஞ்சம் கிட்ட கொண்டாங்க. சாந்தினி? சாந்தினிதானே பேசுறது?

— அத்தை, அப்பாவ எங்கயும் போக விடாம அங்கயே புடிச்சி வைங்க, உங்கள சந்திக்க வைக்கச் சொல்லி ஜோசியர் ஐயாகிட்ட கேட்டதே நாங்கதான், நீங்க ரெண்டு பேரும் சண்டைன்னு அவரு போன் பண்ணதும் கிளம்பிட்டோம், நாலு வருசமா சொல்லப் பயந்தத இன்னிக்கி ரெண்டு பேருமா வந்து சொல்லிடுறோம்.